மணற்பூவின் பழைய சீட்டு

சுகிர்தா ரீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு இது பட்டு அறிந்த விஷயம். ஊருக்குத் திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காகக் குழம்பிக்கொண்டிருந்த தையல்காரர் ஒருவர் யோசனை கேட்கப் போய், பின்னேரம் முழுவதும் பூச்சட்டிகளில் மண் நிரப்பிவிட்டு வந்தார். என்ன சொன்னார் ரீச்சர் என்று கேட்டவர்களிடம், "முதுகு பிடிச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் அடுத்த கிழமையும் போனார்.

ரீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். மற்ற நாட்களில் பஸ் ஏறிக் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குப் போவார். அங்கே ஒரு பழைய கட்டடம். அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கிய செடிகளைக் காயவைத்து, தடித்த தாள்களில் ஒட்டி, அலுமாரி அலுமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பூச்சி அரிக்காமல் பார்ப்பதும், எழுதியிருக்கும் பெயர் சரியா என்று சோதிப்பதும் ரீச்சரின் உத்தியோகம்.

ரீச்சரின் சீடருக்கு வயது அறுபது. சீடர் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். தாவரவியலும் தெரியாது, தத்துவமும் தெரியாது. ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கியே காலம் போனவர். மனைவி இறந்த பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் ரீச்சரோடு கடற்கரைக்குப் போனார். ரீச்சர் மணலில் முழங்காலில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு வரியத்தில செத்துப்போற பூ. அதை ஏன் ரீச்சர் இப்பிடித் தேடித் திரியிறியள்?" என்று அவர் கேட்டார்.

ரீச்சர் விதைப் பையை நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ அண்ணை."

அன்று பிடித்த பைதான். இன்னும் விடவில்லை.

அவரை எந்தப் பெயரால் சொல்வது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தாய் தகப்பன் வைத்த பெயர் குணரத்தினம். பலேர்மோவில் அவருடைய பத்திரங்களில் இருப்பது மரியதாஸ். ஹோட்டல்காரர்கள் அதையும் தேய்த்து மாரியோ ஆக்கினார்கள். தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. நாமும் அண்ணை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு காலை. இருவரும் மணல்மேட்டில் குந்தியிருந்தார்கள். மாரி மழைக்கு முளைத்து, சித்திரையில் மணலெல்லாம் ஊதாவாகப் பூத்த அந்தச் சின்னச் செடிகள் இப்போது காய்ந்து வைக்கோல் நிறமாகியிருந்தன. விரல் நீளச் செடியில் நூல் போன்ற காய்கள். தொட்டால் வெடித்து விதை மணலில் கொட்டிவிடும். அதனால் பையைச் செடிக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் காயைத் தொடவேண்டும். அண்ணை அதில் கெட்டிக்காரர் ஆகியிருந்தார். தப்பிப் பூத்த ஒரே ஒரு பூ மட்டும் அவருடைய காலடியில் நின்றது. நான்கு இதழ், நடுவில் வெள்ளை.

"ரீச்சர், இதுக்கு என்ன பேர்?"

"முந்தின பேரோ, இப்பத்தைப் பேரோ?"

"இதென்ன, பூவுக்கும் அப்பிடிக் கிடக்கோ?"

"முந்தி வைச்சது லண்டனில செடி வித்த ஒரு யாவாரியின்ர பேர். இப்ப ஆராய்ஞ்சு பாத்துப்போட்டு, இது அந்த இனம் இல்லை எண்டு, வேற ஒரு விஞ்ஞானியின்ர பேரை வைச்சிருக்கினம்."

"அந்த யாவாரி இந்த மணலுக்கு வந்தவரோ?"

"தெரியாது."

"அப்ப இதின்ர சரியான பேர்தான் எது?"

"காயைப் பாத்துப் பிடுங்குங்கோ. வெடிக்கப்போகுது."

அண்ணை காயைப் பிடுங்கினார். கை பிடுங்கியது, மனம் பிடுங்கவில்லை.

"எனக்கும் இண்டைக்கு இதே கேள்விதான் ரீச்சர். பின்னேரம் நாலு மணிக்கிடையில பதில் சொல்லவேணும்."

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அது போதும் என்று அண்ணை சொல்லத் தொடங்கினார்.

மகள் ஆரணிக்கு ஆவணியில் கலியாணம். அதே தீவின் கேட்டானியா நகரத்தில் இருக்கும் பொடியன், தங்கமானவன், அதில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்குக் கலியாணக் கார்ட் அச்சுக்குப் போகிறது. மணமகளின் தகப்பன் பெயர் என்ன என்பதுதான் கேள்வி. ஊரில் இருக்கும் அக்கா கமலாசனி தொலைபேசியில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஆரோ ஒரு வேதக்காரப் பொடியன்ர பேரைப் போட்டு, எங்கட வீட்டுப் பிள்ளை எண்டு கார்ட் அனுப்பப் போறியோ? அப்பிடியெண்டா நான் வரமாட்டன். மாமி எண்டு போய் நிக்க எனக்கு வேற கலியாணம் கிடக்கு."

"அக்கா சொல்லுறதிலயும் ஞாயம் கிடக்குத்தானே ரீச்சர்?"

ரீச்சர் அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

"அந்த வேதக்காரப் பொடியன் ஆர்?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்துப் பாசையூர் மரியதாஸ், கிறிஸ்தவப் பொடியன். கொழும்பில் ஒரே அறையில் இருந்தவன். இருவரும் வெளிநாடு போவதற்காக ஏஜென்சிக்காரனின் வாசலில் மாதக்கணக்காகக் காத்துக்கிடந்தார்கள். மரியதாசுக்குத்தான் முதலில் எல்லாம் சரிவந்தது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் கையில் இருந்தன. போவதற்கு முன் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். இருபத்திரண்டு வயது. அவனைப் புதைத்த மறுநாள் அவனுடைய தாய் ஞானம்மா அந்த அறைக்கு வந்தார். பாஸ்போர்ட்டைச் சீலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தார். "நீ போ தம்பி. இது வீணாப் போகக்கூடாது" என்று கையில் வைத்தார். ஏஜென்சிக்காரன் படத்தை மாற்றினான். அவ்வளவுதான்.

"அவன்ர அம்மா வாசலடிக்குப் போய்ப் போட்டுத் திரும்பி வந்தவ ரீச்சர். 'பேரைப் பழுதாக்காமல் வைச்சிரு' எண்டு சொன்னவ. வேற ஒண்டும் சொல்லேல்லை."

"இன்னும் உயிரோட இருக்கிறாவோ?"

"ஓம். பாசையூரில. வரியா வரியம் நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மசுக்கு, எடுத்துக் கதைக்கிறனான். தம்பி எண்டுதான் கூப்பிடுவா. ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

அண்ணை பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார். கட்டியதை மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

"பழுதாக்கேல்லை ரீச்சர். குடிச்சதில்லை, களவெடுத்ததில்லை, ஒருத்தரோடையும் சண்டைக்குப் போனதில்லை. ஆனா இவ்வளவு காலமும் ஆரோ ஒருத்தன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிஞ்ச மாதிரித்தான். ஐயா ஆசையா வைச்ச பேர் எனக்கும் ஒண்டு கிடக்கு. அதை ஒருக்காவெண்டாலும் அச்சில பாக்க ஆசையாக் கிடக்கு. அது பிழையோ?"

"பிழையெண்டு ஆர் சொன்னது?"

"அப்ப குணரத்தினம் எண்டு மட்டும் போடுறன். மற்றதை எடுத்துவிடுறன். பிள்ளையிட்டைச் சொல்லியும் போட்டன். சரிதானே?"

ரீச்சர் எழுந்து முழங்கால் மணலைத் தட்டினார். "வாங்கோ. உள்ளுக்கு ஒட்டுற வேலை கிடக்கு."

கேள்வி கேட்டால் வேலைதான் வரும் என்று முதலே சொன்னோம்.

கட்டடத்துக்குள் பழைய கடதாசி மணம். நீள மேசையில் ரீச்சர் ஒரு கட்டுத் தாள்களை எடுத்து வைத்தார். எல்லாம் அதே மணற்பூ. யார் யாரோ, எந்த எந்தக் காலத்திலோ பிடுங்கியது. ஊதா நிறம் போய்த் தேயிலைச் சக்கை நிறத்தில் தாளோடு தாளாகக் கிடந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பிடுங்கியவரின் கையெழுத்தில் ஒரு சீட்டு.

"பேர் மாறினபடியால் எல்லாத்திலையும் புதுச் சீட்டு ஒட்டவேணும்" என்றார் ரீச்சர். கிண்ணத்தில் மாப்பசையும் தூரிகையும் ஈரப்பஞ்சும் இருந்தன. மேலே கிடந்த தாளைக் காட்டி, "இதில எழுதிக்கிடக்கிறது முதலே பிழை. எழுதினவர் வேற ஒரு பூ எண்டு நினைச்சு எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, செடி காயவைக்கும் பக்கத்து அறைக்குப் போனார்.

அண்ணை அந்தத் தாளைப் பார்த்தார். சீட்டில் மண்ணிற மையில் சரிந்த எழுத்து. பெயரின் மேல் யாரோ பின்னால் வந்தவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். பிழையென்று ரீச்சரும் சொல்கிறார், பென்சில்காரரும் சொல்கிறார். பிழையை வைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் சரியை ஒட்டுவது என்ன வேலை? ஹோட்டலில் என்றால், பழைய கறையை எடுக்காமல் புது விரிப்பு விரிக்க விடமாட்டார்கள். அண்ணை பஞ்சை நனைத்துச் சீட்டின் மேல் வைத்தார். பொறுமையாக இருந்தார். நுனி கிளம்பியதும் நகத்தால் மெல்ல உரித்தார். தாளில் ஒரு கீறலும் விழவில்லை. ஈரத்தில் சீட்டுத்தான் இரண்டாகக் கிழிந்தது. பிழையான சீட்டுத்தானே என்று அதைப் பஞ்சோடு சேர்த்துக் கூடைக்குள் போட்டார். மூலையைத் துடைத்து, புதுச் சீட்டை நேராக ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

மனதிலும் ஏதோ சுத்தமான மாதிரி இருந்தது. இன்றைக்கு நாலு மணியோடு அதுவும் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

ரீச்சர் திரும்பி வந்தார். தாளைப் பார்த்தார்.

"பழைய சீட்டு எங்கை?"

"உரிச்சுப்போட்டன் ரீச்சர். தாளுக்கு ஒரு சேதமும் இல்லை, பாருங்கோ."

ரீச்சர் கத்தவில்லை. குப்பைக் கூடையை எடுத்து மேசை மேல் கவிழ்த்தார். ஈரப் பஞ்சு, கடதாசித் துண்டு, காய்ந்த வேர், ஆப்பிள் தோல் எல்லாம் பரவின.

"தேடுங்கோ."

அண்ணைக்கு முகம் சுண்டிப்போனது. அறுபது வயதில் குப்பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். முதல் துண்டு ஆப்பிள் தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது துண்டு பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. ரீச்சர் இரண்டையும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஊசி முனையால் விரித்துப் பொருத்தினார். மை கொஞ்சம் கசிந்திருந்தது. எழுத்துப் போகவில்லை.

"இஞ்ச ஒட்டுறதுதான் அண்ணை வேலை. உரிக்கிறதில்லை."

"பிழையான பேர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். பிழைதான்."

"பேந்து ஏன் வைச்சிருக்கிறது?"

ரீச்சர் ஊசி முனையால் சீட்டின் அடியைக் காட்டினார். "இதை வாசியுங்கோ."

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "நுன்... நுன்சியோ. இது பூவின்ர பேரோ?"

"பூவைப் பிடுங்கினவரின்ர பேர். நூறு வரியத்துக்கு மேல. பொடியனாத்தான் இருந்திருக்கவேணும், எழுத்தைப் பாத்தால் தெரியுது."

"பெரிய ஆளா வந்தவரோ?"

"இந்த அலுமாரியெல்லாம் தேடிப் பாத்திட்டன். வேற ஒரு தாளிலையும் இந்தக் கையெழுத்து இல்லை. இந்த ஒரு பூவைத்தான் பிடுங்கியிருக்கிறார். அதுக்கும் பேரைப் பிழையா எழுதிப்போட்டார்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. இவர் இருந்தவர் எண்டதுக்கு உலகத்தில இந்தச் சீட்டுத்தான் கிடக்கு."

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஆரணி.

"அப்பா, அச்சுக்குக் குடுக்கப்போறன். குணரத்தினம் எண்டு மட்டும்தானே? பிறகு மாத்தேலாது."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

"அப்பா, அச்சகத்து ஆக்கள் பூட்டிப்போட்டுப் போயிடுவினம்."

"பொறம்மா. திருப்பி எடுக்கிறன்."

தொலைபேசியை மேசையில் வைத்தார். ரீச்சர் கிழிந்த துண்டுகளின் பின்பக்கம் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"கார்ட் ஆர் ஆருக்குப் போகுது அண்ணை?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"கொக்குவிலுக்கு அக்கா ஆக்களுக்கு. கனடாவில, ரொறன்ரோவில ரெண்டு மச்சான்மார். இஞ்ச பலேர்மோவில எல்லாருக்கும். ஹோட்டல் முதலாளிக்கும் ஒண்டு குடுக்கவேணும்."

"பாசையூருக்கு?"

பாசையூரை அண்ணை நினைக்கவே இல்லை. வழக்கம் போல எடுத்துக் கதைத்தால் போதும் என்று இருந்துவிட்டார். இப்போது நினைத்துப் பார்த்தார். ஞானம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கார்ட் போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது வாசித்துக் காட்டவேண்டும். மணமகள் ஆரணி, இன்னாரின் மகள் என்று அந்தப் பிள்ளை வாசிக்கும். கலியாணம் கட்டாமல் இருபத்திரண்டில் போன பொடியன். அவனுடைய பெயரை இந்தக் காலத்தில் அந்த வீட்டில் யார் சத்தமாக வாசிக்கிறார்கள்? கல்லறையில் எழுதியிருக்கும். அங்கே அதற்கு மேல் ஒன்றும் எழுத இடமில்லை.

நத்தாருக்கு நத்தார் ஞானம்மா ஏன் மகனின் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டதில்லை என்பது அண்ணைக்கு இப்போதுதான் விளங்கியது. கூப்பிட்டால் அழுகை வந்திருக்கும். அண்ணைக்கே இப்போது வந்தது. ரீச்சருக்கு முன்னால் அழுவதில் வெட்கம் ஒன்றும் படவில்லை.

ரீச்சர் பார்க்காத மாதிரித் தூரிகையைக் கழுவினார்.

அழுகை ஓய்ந்ததும் அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தார். பசை தடவிய துண்டுகளை ஊசி முனையில் எடுத்தார். தாளைப் பார்த்தார். மூலையில் அவரே ஒட்டிய புதுச் சீட்டு நேராக நின்றது.

"மூலையில புதுசை ஒட்டிப்போட்டன். அதையும் உரிக்கோணுமோ?"

"வேண்டாம். அதுதான் சரியான பேர்."

"அப்ப இதை எங்கை ஒட்டுறது?"

"தாளில இடம் கிடக்கு அண்ணை."

இடம் கிடந்தது. புதுச் சீட்டுக்குப் பக்கத்தில், செடியின் வேருக்குக் கீழே, ஒரு கை அகலம். அண்ணை துண்டுகளை அதில் வைத்தார். கிழிந்த வாயைப் பொருத்தினார். பஞ்சால் ஒற்றினார். கோணாமல் ஒட்டினார்.

பிறகு தொலைபேசியை எடுத்தார். மகளின் இலக்கத்தை அழுத்தப் போனவர் நின்றார். அக்கா கமலாசனியின் குரல் காதில் கேட்ட மாதிரி இருந்தது.

"ரீச்சர், ஒரு தாளில ரெண்டு பேர் கிடந்தால் பாக்கிற ஆக்களுக்குக் குழப்பம் வராதோ?"

"வரும்."

"இது ஆர், அது ஆர் எண்டு கேப்பினமே?"

"கேப்பினம்."

"கேட்டால்?"

ரீச்சர் அடுத்த தாளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார்.

"கேட்டால்தானே அண்ணை, நுன்சியோவைப் பற்றிக் கதைக்கலாம்."